க்ரூட் கான்ஸ்டான்ஷியா: முற்றத்தில் தொடங்குங்கள், கோப்பை காத்திருக்கும்

கேப் டவுனில் ஒயின் தோட்டம் பார்க்க வேண்டும் என்றால் பலரும் ஸ்டெல்லன்போஷ், ஃப்ரான்ஷூக் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். அங்கே அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த நாட்டின் ஒயின் வரலாற்றை ஒரே முற்றத்தில் நின்று பார்க்க விரும்புபவர்கள் நகர மையத்திலிருந்து சுமார் 15 கி.மீ. போனால் போதும். கான்ஸ்டான்ஷியா மலைச்சரிவில் இருக்கிறது க்ரூட் கான்ஸ்டான்ஷியா. 1685-இல் தொடங்கிய இந்தத் தோட்டம்தான், தென்னாப்பிரிக்காவில் இன்றும் ஒயின் தயாரிக்கும் தோட்டங்களில் மிகப் பழையது. அரை நாளை முழுதாக ஒதுக்கத் தகுந்த இடம். ஆனால் எதை முதலில் பார்க்கிறோம், எதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே அந்த அரை நாளின் பயன் இருக்கிறது. நேராக ருசி பார்க்கும் கூடத்துக்குப் போய் ஐந்து கோப்பை முடித்துவிட்டு, வெள்ளை மாளிகை முன்னால் நான்கு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் ஏராளம். அவர்கள் பார்த்தது இந்த இடத்தின் பாதிகூட இல்லை.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் குழப்பம் குறையும். வளாகம் ஒன்று, நிர்வாகம் இரண்டு. திராட்சைத் தோட்டமும் ஒயின் தயாரிப்பும் விற்பனையும் 1993-இல் அமைந்த அறக்கட்டளையிடம் இருக்கின்றன. பழைய மாளிகையும், அதன் பின்னால் உள்ள க்ளூட்டி ஒயின் கிடங்கும், வரலாற்றுச் சுருக்கம் சொல்லும் அறிமுகக் கூடமும் ஐசிகோ என்ற அரசு அருங்காட்சியக அமைப்பிடம் இருக்கின்றன. அதனால் சீட்டை அருங்காட்சியகத்துக்கு மட்டும் வாங்கலாம், ருசி பார்ப்பதற்கு மட்டும் வாங்கலாம், அல்லது ‘விசிட்டர்ஸ் ரூட் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற கூட்டுச் சீட்டாக வாங்கலாம். கடைசியில் சொன்னதில் அருங்காட்சியகம், தயாரிப்புக் கிடங்கு, ஒயின் ருசி, ஒலி வழிகாட்டி எல்லாம் அடங்கும். இரண்டுக்கு மேல் பார்க்க நினைத்தால் கூட்டுச் சீட்டே லாபம். முற்றத்திலும் மரச்சாலையிலும் நடக்கக் கட்டணம் கிடையாது. மது அருந்தாதவர்களும் குழந்தைகளோடு வருகிறவர்களும் அருங்காட்சியகச் சீட்டு மட்டும் எடுத்துக்கொண்டு நிறைவாகத் திரும்பலாம்.

முதலில் போக வேண்டியது அறிமுகக் கூடம். இருபது நிமிடம் போதும். அதைத் தாண்டிப் போகிறவர்களுக்கு மாளிகைக்குள் இருப்பது வெறும் பழைய மேசை நாற்காலிகளாகத்தான் தெரியும்.

வரலாற்றின் எலும்புக்கூடு இது. கேப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நன்னம்பிக்கை முனைக் குடியேற்றத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதியாக இருந்த சைமன் வான் டெர் ஸ்டெல்லுக்கு இந்த நிலம் 1685-இல் வழங்கப்பட்டது. வழங்கியவர் கம்பெனியின் ஆணையர் ஹென்ட்ரிக் வான் ரீட். அதற்கு முன் டச்சு மலபாரின் ஆளுநராக இருந்து, கேரளத்துச் செடிகொடிகளைப் படங்களோடு 12 தொகுதிகளாகப் பதிய வைக்கும் வேலையைத் தொடங்கியவர் அவர்தான். கேப்பிலிருந்து இந்தியாவுக்கு வந்து, 1691-இல் கடற்பயணத்தில் இறந்து, சூரத்தில் அடக்கமானார். வான் டெர் ஸ்டெல்லுக்கும் இந்திய ரத்தத் தொடர்பு உண்டு. அவருடைய தாய்வழிப் பாட்டி மோனிகா, கோவா கரையைச் சேர்ந்த, விடுதலை பெற்ற அடிமைப் பெண். 1712-இல் வான் டெர் ஸ்டெல் இறந்த பிறகு நிலம் மூன்றாகப் பிரிந்தது. மாளிகை இருந்த பங்குதான் க்ரூட் கான்ஸ்டான்ஷியா. 1778-இல் அதை ஹென்ட்ரிக் க்ளூட்டி வாங்கினார். இன்று நாம் பார்க்கும் அழகெல்லாம் பெரும்பாலும் க்ளூட்டியின் காலத்தது.

அறிமுகக் கூடம் சொல்லும் இன்னொரு வரலாறு அடிமைகளுடையது. அதை அவசரமில்லாமல் படியுங்கள். கொடிகளை நட்டதும், கவாத்து செய்ததும், பழம் பறித்ததும், மிதித்துச் சாறு எடுத்ததும், பீப்பாய் உருட்டியதும் அவர்களே. மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், இலங்கை, வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை என்று பல இடங்களிலிருந்தும் கேப்புக்கு அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். சொந்தப் பெயர் பறிபோய், ‘வான் பெங்காலன்’, ‘வான் மலபார்’, ‘வான் சிலோன்’, ‘வான் கோரமண்டல்’ என்று ஊரே பெயராக ஒட்டிக்கொண்டது. வந்த மாதத்தின் பெயரைச் சூட்டும் வழக்கமும் இருந்தது. செப்டம்பர், பிப்ரவரி என்ற குடும்பப் பெயர்கள் கேப்பில் இன்றும் இருக்கின்றன. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அந்த டச்சுக் கம்பெனியின் துறைமுகங்கள்தான். அங்கிருந்து பஞ்ச காலங்களில் மனிதர்களைக் கப்பலேற்றியதும் பதிவாகியிருக்கிறது. தமிழ் வாசகர்கள் இந்தக் கூடத்தை வேற்று நாட்டுக் கதையாகக் கடந்துபோக முடியாது. 1834 டிசம்பர் 1 அன்று சட்டப்படி விடுதலை வந்தது. ஆனால் ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டுகள் பழைய எஜமானர்களிடமே வேலை செய்ய வைத்தார்கள்.

ஒரு குறை சொல்ல வேண்டும். அறிமுகக் கூடத்தில் இவ்வளவு தெளிவாகச் சொல்லப்படும் விஷயம், மாளிகையின் அறைகளுக்குள் போனதும் மெலிந்துவிடுகிறது. பீங்கானுக்கும் மரச்சாமான்களுக்கும் கிடைக்கும் விளக்கம், அவற்றைத் துடைத்து வைத்த கைகளுக்குக் கிடைப்பதில்லை. அதனாலும்தான் கூடத்தை முதலில் முடித்துவிட்டுப் போகச் சொல்வது.

அடுத்து மாளிகை. முன்னால் சற்று உயர்ந்த திண்ணை, சுண்ணாம்பு பூசிய தடித்த வெள்ளைச் சுவர், பச்சை வண்ணம் அடித்த மரக்கதவுகள், நாணல் வேய்ந்த கூரை, நடுவில் வளைந்து எழும் முகப்புச் சுவர். கேப் டச்சுக் கட்டடக் கலைக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. முகப்பின் மாடத்தில் செழிப்பின் தேவியாக ஒரு சிற்பம் நிற்கிறது. நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்விடாதீர்கள்.

உள்ளே போகுமுன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 1925 டிசம்பரில் இந்த வீடு தீப்பிடித்தது. நாணல் கூரை எரிந்து, சுவர்களே மிஞ்சின. கட்டடக் கலைஞர் கென்டல் அதை க்ளூட்டி காலத்துத் தோற்றத்துக்குத் திருப்பிக் கட்டினார். காலியான அறைகளுக்கு ஆல்ஃப்ரெட் டி பாஸ் என்பவர் தன் சேகரிப்பிலிருந்து மரச்சாமான்களையும் ஓவியங்களையும் பீங்கானையும் கொடுத்தார். ஆகவே நீங்கள் பார்க்கும் அலமாரியில் க்ளூட்டி குடும்பம் துணி மடித்து வைக்கவில்லை. அந்தக் காலத்து வசதியான கேப் குடும்பம் எப்படி வாழ்ந்திருக்கும் என்பதற்கு நேர்மையான, நன்கு தேர்ந்த மாதிரி அது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. வழிகாட்டிகள் சிலர் இதைச் சொல்லாமல் நழுவவிடுவதுண்டு, கேட்டால் விளக்குவார்கள்.

பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் கேப்பின் உள்ளூர் மரங்களான ஸ்டிங்க்வுட், யெல்லோவுட் இரண்டிலும் செய்த சாமான்களுக்கு. ஒன்று கருமை கலந்த பழுப்பு, மற்றது வெளிர் மஞ்சள். இரண்டையும் ஒரே சாமானில் இணைத்த இடங்களில் தச்சரின் கணக்கு தெரியும். அடுத்து நீலமும் வெள்ளையுமான கீழைநாட்டுப் பீங்கான். ஆசியாவுக்கும் ஹாலந்துக்கும் நடுவே கப்பல்கள் தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொள்ளும் நிறுத்தமாகத்தான் கேப் தொடங்கியது. சீனப் பீங்கான் இந்த வீட்டு மேசைக்கு வந்த வழி அதுவே. சமையலறையில் திறந்த அடுப்பின் முன் சற்று நில்லுங்கள். கோடையில் அந்த அடுப்பின் எதிரில் நாள் முழுக்க நின்றவர்கள் யார் என்று கூடத்தில் படித்தது அங்கே நினைவுக்கு வரும்.

மாளிகையின் பின்வாசல் வழியாக வெளியே வந்தால் முற்றம். இந்த இடத்தின் மையம் இதுதான். ஒரு பக்கம் வீடு, எதிர்ப்பக்கம் அதே நேர்க்கோட்டில் ஒயின் கிடங்கு, சுற்றிலும் துணைக் கட்டடங்கள், ஓக் மர நிழல். வீட்டுக்காரர் பின்வாசலில் நின்றபடியே கிடங்குக்குள் போகும் பழம், வெளியே வரும் பீப்பாய், வேலை செய்யும் ஆட்கள் அனைத்தையும் பார்க்கலாம். அழகுக்காக மட்டும் போட்ட நேர்க்கோடு இல்லை. கண்காணிப்பதற்கும் அது உதவியது. மாளிகை வாசலில் ஒரு முறை, கிடங்கு வாசலில் ஒரு முறை என்று இரண்டு பக்கமும் நின்று பாருங்கள். ஒரே முற்றம் இரண்டு இடமாகத் தெரியும்.

க்ளூட்டி கிடங்கின் முக்கோண நெற்றியில் உள்ள சுதைச் சிற்பம்தான் வளாகத்தின் மிகச் சிறந்த படைப்பு. 1791-இல் ஆன்டன் ஆன்ரைத் செய்தது. கட்டடத்தின் வடிவமைப்பு பிரெஞ்சுக்காரர் லூயி மிஷெல் திபோவுடையது என்று சொல்லப்படுகிறது. சிற்பத்தின் நடுவில் கானிமீட். கிரேக்கப் புராணத்தில் கழுகு தூக்கிச் சென்று தேவர்களுக்கு மது பரிமாறும் பணியில் வைத்த இளைஞன். பக்கத்தில் கழுகு, சுற்றிலும் கொழுகொழுவென்று குழந்தைகள், திராட்சைக் கொடி. கோயில் கோபுரத்துச் சுதை வேலை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் ஒரு வித்தியாசம் உடனே படும். வண்ணமே இல்லை, எல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. அதனால் உருவங்கள் நிழலால் மட்டுமே பிரிந்து தெரிகின்றன. வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு விரலும் எண்ணலாம். உச்சி வெயிலிலும் மேகமூட்டத்திலும் எல்லாம் ஒரே வெள்ளைத் தகடாகிவிடும். படம் எடுக்க நினைப்பவர்கள் காலையிலேயே வந்துவிடுவது நல்லது. மேற்கே மலை இருப்பதால் பிற்பகல் வெயில் இங்கே சீக்கிரம் மறைகிறது, குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம். கைபேசியின் அகலக் கோணத்தில் எடுத்தால் சிற்பம் புள்ளியாகிவிடும். சற்றுத் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள்.

கிடங்குக்குள் இருக்கும் ஒயின் அருங்காட்சியகம் பற்றித் தவறான எதிர்பார்ப்பு வேண்டாம். பெரிய செக்குகளும் எந்திரங்களும் வரிசையாக நிற்கும் தொழில்நுட்பக் காட்சி அங்கே இல்லை. ஒயினைச் சேமிக்கவும் ஊற்றவும் குடிக்கவும் மனிதர்கள் செய்த கலன்களின் காட்சி அது. பண்டைய மத்தியதரைக் கடல் நாடுகளின் மண்கலங்களில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிவரை போகிறது. அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். இரண்டு கைப்பிடி வைத்த ஆம்போரா ஜாடிகளின் முன் தமிழர்கள் கூடுதலாக நிற்பார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த ரோமானிய ஜாடித் துண்டுகள் இதே குடும்பம். அடி கூராக இருப்பது ஏன் என்று குழந்தைகள் கேட்பார்கள். மணலிலோ மரச்சட்டத்திலோ செருகி நிற்க வைக்கவும், கப்பல் அடித்தட்டில் ஒன்றின் இடுக்கில் ஒன்றாக நெருக்கி அடுக்கவும், கவிழ்த்து ஊற்றும்போது அடியில் ஒரு பிடியாகவும் அந்தக் கூர் உதவியது.

நேரம் இருந்தால் ஓக் மரச்சாலை வழியாக நடந்து, கிரேக்கக் கடல் தேவன் ட்ரைட்டனின் சிலை வைத்த பழைய குளியல் தொட்டிவரை போய் வாருங்கள். கூட்டம் அங்கே வருவதே இல்லை. மழைக்காலமான ஜூன் முதல் ஆகஸ்டுவரை தரை வழுக்கும். பிடிப்புள்ள செருப்பு தேவை. பழைய கட்டடங்களில் வாசல்படிகள் உண்டு என்பதால், முட்டி வலி உள்ளவர்களையும் சக்கர நாற்காலியில் வருபவர்களையும் அழைத்து வருவோர் எந்த வழியாக நுழையலாம் என்று சீட்டு தரும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளவும்.

இப்போது ருசி பார்க்கலாம்.

இந்த ஊரைப் புகழுக்குக் கொண்டுவந்தது இனிப்பு ஒயின். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அரண்மனைகள் கேட்டு வாங்கிய சரக்கு. செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் இது கப்பலில் போனது. பக்கத்துத் தோட்டமான ஹோப் ஆப் கான்ஸ்டான்ஷியாவின் யோஹானஸ் கொலைன், க்ளூட்டிக்கு முன்பே இதை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தவர். அவருடைய தாய், அடிமைகளுக்குப் பிறந்த ஒரு சுதந்திரக் கருப்பினப் பெண். பிறகு வீழ்ச்சியும் வேகமாக வந்தது. 1860-இல் பிரிட்டன் பிரெஞ்சு ஒயினுக்கு வரியைக் குறைத்ததும் கேப் ஒயினுக்கு இருந்த சலுகை போய்விட்டது. கொடிக்குச் சாம்பல் நோய் வந்தது. 1885-இல் க்ளூட்டி குடும்பம் தோட்டத்தை அரசுக்கு விற்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி கேப்பில் தலைகாட்டியது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் திராட்சையை மீட்டார்கள். அந்த இனிப்பு ஒயின் மட்டும் நெடுங்காலம் மறைந்தே இருந்தது.

இன்று க்ரூட் கான்ஸ்டான்ஷியா தயாரிக்கும் இனிப்பு ஒயினின் பெயர் கிராண்ட் கான்ஸ்டன்ஸ். ‘வான் டி கான்ஸ்டன்ஸ்’ என்று கேட்டு இங்கே நிற்கிறவர்கள் நிறைய. அது பக்கத்தில் உள்ள க்ளைன் கான்ஸ்டான்ஷியாவின் சரக்கு, தனித் தோட்டம், தனி நுழைவாயில். இரண்டும் ஒரே பழைய மரபை மீட்டெடுத்தவை.

செய்முறை தெரிந்து குடித்தால் சுவை கூடும். மஸ்கட் டி ஃப்ரோன்டினியான் என்ற சிறுமணித் திராட்சையைப் பழுத்த பிறகும் பறிக்காமல் கொடியிலேயே வாடவிடுகிறார்கள். தண்ணீர் ஆவியாகி, பழம் திராட்சை வற்றலை நெருங்கும். சாதாரண ஒயினுக்குப் பறிக்கும் பழத்தின் சாற்றில் சர்க்கரை 22 முதல் 24 பிரிக்ஸ் அளவில், அதாவது 100 கிராம் சாற்றில் ஏறக்குறைய அத்தனை கிராம் இருக்கும். அது முழுவதும் நொதித்தால் 13, 14 சதவீத ஆல்கஹால் வந்து இனிப்பு தீர்ந்துவிடும். வாடிய பழத்தில் சர்க்கரை அதைவிட மிக அதிகம். ஈஸ்ட் அவ்வளவையும் தின்று முடிக்க முடியாமல், ஆல்கஹால் ஏறியதும் சோர்ந்து நின்றுவிடும். மிஞ்சிய சர்க்கரைதான் ஒயினின் இனிப்பு. வெளியிலிருந்து சர்க்கரையும் சேர்ப்பதில்லை, பிராந்தியும் கலப்பதில்லை. தொல்லை எங்கே என்றால் வானிலையில். வாடும் நாட்களில் மழை பெய்தால் பழம் வெடித்து அழுகும். தாமதித்தால் பறவைகள் தின்னும். தப்பித்த பழத்திலும் சாறு கொஞ்சமே கிடைக்கும். சிறிய புட்டிக்குப் பெரிய விலை வைப்பதற்கு அதுவே காரணம், அந்த விலை நியாயமானது.

வழக்கமாக ஐந்து ஒயின் ருசிக்கத் தருவார்கள். பட்டியலில் கிராண்ட் கான்ஸ்டன்ஸ் இருக்கிறதா, தனிக் கட்டணமா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். இருந்தால் அதைக் கடைசியில் வையுங்கள். இனிப்பை முதலில் குடித்துவிட்டால் அடுத்து வரும் எல்லாமே புளிப்பாகவும் தண்ணீராகவும் படும். வெள்ளையில் சாவிஞோன் பிளாங்க், ஷார்டனே, பிறகு சிவப்பில் பினோடாஜ், ஷிராஸ், அதன் பின் கவர்னர்ஸ் ரிசர்வ் என்ற கலவைச் சிவப்பு, முடிவில் இனிப்பு என்ற வரிசை நல்லது. பினோடாஜை விட்டுவிடாதீர்கள். 1925-இல் ஸ்டெல்லன்போஷில் ஆபிரகாம் பெரோல்ட் பினோ நுவா, சின்ஸோ என்ற இரண்டு திராட்சைக் கொடிகளையும் இனக்கலப்பு செய்து உருவாக்கிய தென்னாப்பிரிக்காவின் சொந்த ரகம் அது. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வாய் தண்ணீர். பிடிக்காததைத் துப்புவதற்கு வாளி வைத்திருப்பார்கள். கூச்சம் வேண்டாம், ஒயின் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்புவார்கள். சாக்லேட்டோடு ருசிக்கும் தனித் தொகுப்பும் உண்டு. கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் மெல்லிய வெள்ளை ஒயின்களைச் சாக்லேட் அமுக்கிவிடுகிறது. முதல் முறை வருகிறவர்களுக்கு வெறும் ஒயினே சரி.

போக்குவரத்தில் பிழை செய்ய வேண்டாம். ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம் ஆல்கஹால் என்பது அங்கே ஓட்டுநருக்கான வரம்பு. ஐந்து ருசியும் விழுங்கியவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. டாக்சி ஆப் வழியாக வருவது எளிது. திரும்பும்போது வண்டி கிடைக்கச் சற்று நேரம் பிடிக்கலாம். சிவப்பு நிறச் சுற்றுலாப் பேருந்தில் வருபவர்கள் கான்ஸ்டான்ஷியா நெக் நிறுத்தத்தில் ஒயின் வழித்தடப் பேருந்துக்கு மாற வேண்டும். இறங்கியதுமே கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகம் ருசிக் கூடத்துக்கு முன்பே மூடிவிடும். மதிய உணவை முடித்து மூன்றரை மணிக்கு வந்து சேர்கிறவர்கள் ஓடி ஓடித்தான் பார்க்க வேண்டும். காலை பத்து மணிக்கு முற்றத்தில் இருந்தால் ஒரு மணிக்குள் எல்லாம் முடியும், வார இறுதிச் சாப்பாட்டுக் கூட்டமும் அப்போதுதான் சேரத் தொடங்கும். ஒலி வழிகாட்டி கைபேசிச் செயலியில் ஓடுவது. தங்கும் விடுதி வைஃபையிலேயே இறக்கி வைத்து, காதொலிப்பானும் எடுத்து வாருங்கள். பொது விடுமுறை நாட்களில் இரண்டு நிர்வாகங்களின் நேரமும் ஒன்றாக இருக்காது, முன்தினம் பார்த்துக்கொள்ளவும்.

புட்டி வாங்கினால் பெயர் போட்ட வரி ரசீது கேளுங்கள். வெளிநாட்டவர் 250 ராண்டுக்கு மேல் வாங்கி எடுத்துச் செல்லும் பொருளுக்கு 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பக் கேட்கலாம். விமான நிலையத்தில் பெட்டியைச் செக்-இன் செய்யும் முன் வரி மேசையில் புட்டியைக் காட்ட வேண்டும். பெட்டியைக் கொடுத்துவிட்டு ரசீதோடு போய் நின்றால் பணம் வராது. கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், ஆகவே துணியில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள். இந்தியாவுக்குள் தீர்வையில்லாமல் கொண்டுவர ஒருவருக்கு 2 லிட்டர்வரை அனுமதி. கிராண்ட் கான்ஸ்டன்ஸ் 375 மில்லி புட்டி என்பதால் ஐந்து புட்டி அதற்குள் அடங்கும். வீட்டில் 8 முதல் 10 டிகிரி குளிரில், சிறிய கோப்பையில் ஊற்றுங்கள். திறந்த புட்டியை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் சில நாட்கள் தாங்கும்.